ஐந்து கேன் பழைய ஆயில்

ஜூன் 8, ஞாயிறு

குளியலறைச் சுவரை ஒட்டி ஐந்து கேன் பழைய ஆயில் வைத்திருக்கிறேன். காந்திமதி இன்று அதற்குக் கெடு வைத்துவிட்டாள். ஜூலை முதல் ஞாயிறு மகள் சங்கரிக்கு வளைகாப்பு. அதற்குள் ஒரு கேன்கூட வீட்டில் இருக்கக் கூடாதாம்.

"பிள்ளத்தாச்சிப் பொண்ணு மாடியில மூக்கப் பொத்திக்கிட்டு நடக்கா. நீங்க பெட்ரோல் பங்க்கு மாதிரி அடுக்கி வச்சிருக்கிய."

பெட்ரோல் பங்க்கில் பழைய ஆயில் வைக்க மாட்டார்கள் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு காபி வரவில்லை.

ஆயில் சேர்ந்தது பெரிய கதை இல்லை. நான் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பைக், மாடியில் குடியிருக்கும் மாப்பிள்ளையின் பைக், எதிர்வீட்டுத் தாவீது சாரின் பைக், மூன்றுக்கும் ஆயில் மாற்றுவது நான்தான். கடையில் மாற்றினால் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். நான் ஊற்றுவதில்லை. பழைய ஆயிலுக்கு ஆயிரம் உபயோகம் இருக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூட நான் இதுவரை செய்ததில்லை என்பது காந்திமதியின் கட்சி.

செய்து காட்டுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

கதவுக் கீல்கள் அனைத்துக்கும் ஆயில் விட்டேன். ஜன்னல், பீரோ, பின்வாசல் தாழ்ப்பாள், கடைசியாகத் தெருக் கேட். அந்தக் கேட் திறந்தால் எதிர்வீட்டுத் தாவீது சார் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இனிமேல் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு கேனில் கால் அங்குலம்தான் குறைந்திருக்கிறது. கீல்கள் அவ்வளவாகக் குடிப்பதில்லை.

ஜூன் 11, புதன்

காந்திமதிக்கு இதிலும் குறை. கேட் சத்தம் கேட்டால்தான் மாப்பிள்ளை ஆபீஸ் கிளம்பியது தெரியும், சாயங்காலம் வந்தது தெரியும், அதற்குத் தக்கபடி காபி போடுவாளாம். இன்று அவர் எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. படிக்கட்டில் செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

மாப்பிள்ளை நயினார் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். பொறுப்பான வேலை. அதிகம் பேச மாட்டார். என் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை. அவரும் சொல்ல இடம் கொடுத்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். சங்கரி பேரில் வாங்கிப் போட்ட இடம், ஊருக்கு வெளியே. சுற்றிலும் இடுப்புயரச் சுவர் எழுப்பியிருக்கிறேன், உள்ளே நெருஞ்சி முள், ஓரத்தில் ஒரு வேப்ப மரம். மரத்தடிச் சுவரில் கண்டவனும் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம்.

இன்று பாட்டில் இல்லை. சுவர் மேல் ஒரு நியூஸ் பேப்பர் விரித்துக் கிடந்தது. குறுக்கெழுத்துப் போட்டியை எவனோ பேனாவால் முழுவதும் நிரப்பியிருக்கிறான். சுவருக்குக் கீழே சோற்றுப் பருக்கை, மஞ்சள் நிறம், கடலைப் பருப்பு, கறிவேப்பிலை. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருக்கிறான். எங்கள் வீட்டிலும் இன்று எலுமிச்சைச் சாதம்தான். ஊர் முழுக்க ஒரே சமையல் போலிருக்கிறது.

குடிகாரனாவது சாயங்காலம் வருவான். இவன் பட்டப்பகலில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, சோறு தின்று, போட்டியும் எழுதியிருக்கிறான். இடத்துக்காரன் மாதிரி. இதை விடக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

மாப்பிள்ளை பைக்குக்கு ஆயில் மாற்றினேன். மாற்ற வேண்டிய மாதம் தாண்டிவிட்டது. அவராகக் கேட்கவில்லை, நானேதான் வண்டியை உருட்டி வந்தேன்.

அடிநட்டைக் கழற்றினால் வழக்கமாகக் கரிக்குழம்பு போல இறங்கும். இன்று தேன் நிறத்தில் வந்தது. போனமுறை ஊற்றிய ஆயிலா இது என்று சந்தேகம். மீட்டரைப் பார்த்தேன். போனமுறை மாற்றியதிலிருந்து அவ்வளவாக ஓடவே இல்லை. பைபாஸுக்கு அந்தப் பக்கம் தினம் போய் வருகிற வண்டி.

"மீட்டர் வயர் அந்துருக்கும் போல மாப்பிள" என்றேன்.

"இருக்கும் மாமா" என்றார்.

ஜூன் 16, திங்கள்

மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்த நேரம் மீட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன். வயர் நன்றாக இருக்கிறது.

தேன் நிற ஆயிலைத் தனி பாட்டிலில் வைத்திருக்கிறேன். கேனில் ஊற்ற மனம் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தாவீது சார் யோசனை சொன்னார். "நாயகம் சார், சுவத்துல யாரும் உக்காரக் கூடாதுன்னா கழிவு ஆயில அடிச்சு விட்டுருங்க. ஒரு பய வர மாட்டான். எங்க ஸ்கூல் மதில்ல அப்படித்தான் அடிச்சோம்."

இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த உபயோகம். ஒரு கேன் ஆயிலில் பாதி பாட்டில் வேப்பெண்ணெய் கலந்தேன். வேப்பெண்ணெய் என் சொந்தச் சேர்க்கை. ஆயில் உட்காரவிடாது, வாசனை பக்கத்தில் நிற்கவிடாது. பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் மரத்தடிச் சுவர் முழுவதும் அடித்துவிட்டு வந்தேன். நிழல் விழுகிற இடத்தில் இரண்டு தடவை.

கை இன்னும் நாறுகிறது. மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

வாஷிங் மெஷின் கீழே எங்கள் பக்கம் இருப்பதால் மாடித் துணியும் காந்திமதி கையால்தான் போகிறது. இன்று மாப்பிள்ளையின் சாம்பல் நிற பேண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா பாருங்க, பின்னால தார் அப்பின மாதிரி இருக்கு. ரெண்டு வட்டம் சோப்பு போட்டாச்சு, போக மாட்டேங்கு."

சாயங்காலம் மாப்பிள்ளையிடம் கேட்டேன். என்ன கறை என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் பேண்டின் பின்பக்கத்தைப் பற்றிக் கேட்பது முறையா? ஆபீசில் பெயிண்ட் வேலை நடக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல மாமா. செயர் வீலுக்கு கிரீஸ் வச்சிருந்தாங்க. பாக்காம உக்காந்துட்டேன்."

நாற்காலிக்கெல்லாம் கிரீஸ் வைத்துப் பராமரிக்கிறார்கள். நல்ல கம்பெனி.

ஜூன் 20, வெள்ளி

பேண்ட் கொடியில் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன்.

வேப்பெண்ணெய்.

ஒரு பழைய பனியன் துணியில் பெட்ரோல் தொட்டுக் கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுத்தேன். பிறகு பாத்திரம் விளக்குகிற சோப்பைத் தடவி ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசினேன். மறுபடி அதே மாதிரி. காந்திமதி தூங்கி எழுவதற்குள் முடித்துக் கொடியின் கடைசியில் போட்டுவிட்டேன். கறை போய்விட்டது என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் 21, சனி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

சங்கரி மத்தியானம் கீழே வந்து அம்மாவிடம் தைலம் கேட்டாள்.

"அவியளுக்குக் காலு ரெண்டும் கடுக்குதாம். ராத்திரி பூரா பிடிச்சுவிடுதேன். இப்ப ஆபீஸ்ல நின்னுக்கிட்டே பாக்குற வேலையாம், ரெண்டு மூணு நாளா."

நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. எவ்வளவு ஆயில் அடித்தேன் என்று மட்டும் ஞாபகம் வந்தது. நிழல் விழுகிற இடத்தில் இரண்டு தடவை.

ஜூன் 23, திங்கள்

காந்திமதி ஒரு முடிவோடு இருக்கிறாள். வளைகாப்புக்கு மாப்பிள்ளையின் மேனேஜரை நேரில் போய் அழைக்க வேண்டுமாம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குச் செய்தோம், இதற்குச் செய்யாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

"மாப்பிள கிட்ட குடுத்து விட்டாப் போதாதா?"

"அது மரியாதையா? புதன்கிழம காலையில போயிட்டு வந்துருவோம். அவியட்ட சொல்லாண்டாம். திடீர்னு போயி நின்னா மாப்பிளைக்கும் ஆபீஸ்ல ஒரு கெத்தா இருக்கும்லா."

கெத்தாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்களில் பழைய ஆயில் எடுக்கிற லோடு ஆட்டோக்காரரைத் தாவீது சார் பிடித்துக் கொடுத்தார். இந்த ஆயில் சுத்தம் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போகிறதாம், அங்கே மறுபடியும் ஆயிலாக்கி விடுவார்கள். நல்ல காரியம். மிச்சமிருந்த அத்தனை கேனும் போய்விட்டது. அவர் டிரம்மில் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசிச் சொட்டு வரை வடியவிட்டுத்தான் கேனை நிமிர்த்தினார். மரியாதையான ஆள்.

"தேன் கலர்ல ஒண்ணு இருக்கே, அதையும் தாங்க சார்" என்றார்.

அந்த பாட்டிலைத் தரவில்லை. ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

காந்திமதி அந்த இடத்தைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 25, புதன்

காந்திமதி காலையிலேயே பட்டுச்சேலை கட்டித் தட்டோடு வாசலில் நின்றாள். யமகண்டம் முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்றாள்.

நான் என் பைக்குக்கு அடியில் உட்கார்ந்து அடிநட்டைக் கழற்றிவிட்டேன்.

போன மாதம்தான் மாற்றிய ஆயில். கால்வாசி வேலைகூட அது இன்னும் பார்க்கவில்லை. ஆயில் பிடிக்கிற தட்டில் சளசளவென்று இறங்கியது. அந்தத் தட்டில் பழைய கசடு இருந்ததால் அதைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. டிப்போவில் இப்படிச் செய்தவனை நான் ஸ்டோர் பக்கமே சேர்த்திருக்க மாட்டேன்.

"என்ன செய்திய?"

"ஆயில் மாத்துதேன்."

"இப்பமா?"

"இன்ஜின் சத்தம் சரியில்ல."

காந்திமதி ஆயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆட்டோவில் போகலாம் என்றாள். ஆயில் முழுவதும் வடியட்டும், பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்றேன். புது ஆயில் வாங்கக் கடைக்கு நடந்தே போனேன். முதல் கடையில் இருந்தது. இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது ராகு காலம் ஆரம்பித்திருந்தது.

அவள் சேலையை மாற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பத்திரிகையை மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

கழுவிக் கோலம் போட்ட இடத்தில் மறுபடியும் ஒரு கேன் வந்துவிட்டது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

மரக்கடையில் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி, துடைப்பம், ஒரு கேன் சோப்புத் தண்ணீரோடு வண்டியில் கட்டிக்கொண்டு மனைக்குப் போனேன். வண்டியைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தேன்.

மாப்பிள்ளை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இன் பண்ணிய சட்டை. டிபன் கேரியரைக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்று, மடித்த பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கீழே முள், சுவரில் ஆயில், அதனால் நிற்கிறார். இப்படித்தான் காலையிலிருந்து நிற்கிறார், நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் நின்றிருப்பார். என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

என்னைப் பார்த்ததும் பேப்பரைப் பின்னால் மறைத்தார்.

நான் சாக்கை அவிழ்த்து மரத்தூளைச் சுவர் மேல் கொட்டினேன். மரத்தூள் ஆயிலைக் குடித்துக் கறுத்தது. துடைப்பத்தால் தள்ளிவிட்டு மறுபடி கொட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் வந்து ஒரு கை தள்ளினார். ஆபீஸ் சட்டை அழுக்காகும் என்றேன். பரவாயில்லை மாமா என்றார். கறுத்த தூளை அப்படியே விடக் கூடாது, மழை பெய்தால் பக்கத்து வயலுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டினோம். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம்.

வேலை முடிந்த பிறகுதான் அவர் பேசினார்.

"கம்பெனிய மூடிட்டாங்க மாமா. பொங்கல் கழிஞ்ச ஒடனே."

"ம்."

"வேற எடத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லுதாங்க. கையில இருந்தத வச்சு ஓட்டுதேன். வேல இல்லாம மாமனார் வீட்டு மாடியில பகல் பூரா எப்படி மாமா இருக்க? தெருவுல ஒரு ஆள் என்னன்னு கேட்டா உங்களுக்குத்தான அசிங்கம். சங்கரி வேற இந்த நெலமையில இருக்கா."

"வண்டிய எங்க போடுதிய? நான் ஒரு நாளும் பாத்ததில்லயே."

"ஊருக்குள்ள கோயில் பக்கத்துல விட்டுட்டு நடந்து வாரேன். நீங்க எப்பமாவது வந்தா அடையாளம் தெரிஞ்சிருமேன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பார்க்குல ஒக்காந்தா வாட்ச்மேன் ஒரு மாதிரி பாக்கான். டீக்கடையில எவ்வளவு நேரம் இருக்க? இந்த எடம் சங்கரி பேர்ல இருக்கு. இங்க வந்து யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

சுவரில் ஆயில் அடித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. வேப்பெண்ணெய் கலக்கிற ஆள் இந்த ஊரில் வேறு யார்?

"இந்த ஞாயிறு போனா, அடுத்த ஞாயிறு வளைகாப்பு" என்றேன். "அவியவிய ஆளுக வந்து நிப்பாக. எங்க வேல, என்ன சம்பளம்னு கேப்பாக. அதுக்கு முந்தி சங்கரிட்ட நீங்களே சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க. நாளைக்குக் காலையில என் வண்டியில ரெண்டு பேருமாப் போவோம். டிப்போவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் குடுத்த கம்பெனிக்காரன் நாலஞ்சு பேரு இன்னும் என்னய மறக்கல. வேல குடுப்பானா மாட்டானான்னு தெரியாது. ஒக்கார வச்சாவது பேசுவான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார், கையில் ஆயில். நான் துண்டைக் கொடுத்தேன்.

பிறகு சுவரில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிபன் கேரியரைத் திறந்து மூடியில் எனக்கும் வைத்தார். எலுமிச்சைச் சாதம். குறுக்கெழுத்தில் மேலிருந்து கீழ் ஒன்று மிச்சம் இருந்தது. இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சங்கரி அழுதாள். என் மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எழுத முடியவில்லை. பிறகு அவள் குரல் படிக்கட்டுப் பக்கம் வந்தது. "அம்மா, ரெண்டு காபி."

காந்திமதி காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விஷயத்தையும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். நான் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். என் வேட்டியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். வெள்ளை வேட்டி. பின்பக்கம் நடுவில் கறுப்பாக ஒரு கறை. மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை.

"இது என்ன கறை?"

"அதே கறதான்."

அவள் வேட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நல்ல ஆயில இறக்கினியள்லா. அப்பமே தெரியும், எனக்கு." வேட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டிப்பா என்னமோ இருக்குன்னு. உங்களத் தெரியாதா எனக்கு?"

நான் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

"நாளைக்குக் கேரியர்ல சோறு ரெண்டு பேருக்கா வைக்கணும்?"

ஆமாம் என்றேன். எலுமிச்சைச் சாதம் வேண்டாம் என்றேன்.